படகுக்கு ஒரே கியர்தான்: பாஸ் படகின் புரொப்பெல்லரைப் புரிந்துகொள்வோம்

டெக்சாஸில் ஏரிப் படகு வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், மீனைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் நாலு வார்த்தை பேசிய கையோடு பேச்சு, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பெல்லருக்கு வந்துவிடும். "எத்தனை பிட்ச் ஓட்டுறே?" என்று கேட்பார்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி. பிட்ச் என்பது புரொப்பெல்லரில் பொறித்திருக்கும் ஓர் அளவு. இந்தப் பேச்சில் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வரும். பெரிய நம்பர் போட்டால் வேகம் தானாக வரும். நாலு இறக்கை போட்டால் வேகம் போச்சு. திருப்பத்தில் மோட்டார் அலறினால் அது கேவிடேஷன், அதாவது தண்ணீரில் ஆவிக் குமிழி பிறப்பது. முதல் இரண்டும் அரை உண்மை. மூன்றாவது, பெரும்பாலும் தப்பு.

நானும் நம்பித்தான் இருந்தேன். நான் வாங்கியது 19 அடி பழைய படகு, 150 குதிரைத்திறன் மோட்டார். முந்தைய சொந்தக்காரர் அதில் 25 பிட்ச் புரொப்பெல்லர் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு "வேகத்துக்குத்தான்" என்றார். படகு கிளம்பும்போது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பத்து விநாடிக்கு முக்கி முனகும். அப்புறம்தான் தண்ணீர்மேல் படியும். எல்லாப் படகும் அப்படித்தான் போல என்று இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் கோவில்பட்டியிலிருந்து மாமனார் வந்திருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி முன் சீட்டில் உட்கார வைத்து, வேகம் கூட்டும் கைப்பிடியான த்ராட்டிலைத் தள்ளினேன். படகு வழக்கம்போல முனகியது. மாமனார் தண்ணீரைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன மாப்ளே, லோடு ஏத்திக்கிட்டு டாப் கியர்ல மேடு ஏறுற மாதிரி இருக்கு. கீழ் கியர் போடுங்க" என்றார். இதில் கியர் மாற்ற முடியாது மாமா, முன்னால், நடு, பின்னால் அவ்வளவுதான் என்றேன். "அப்ப எவனோ தப்பான கியரை மாட்டிட்டுப் போயிருக்கான்" என்றார்.

புரொப்பெல்லர் பற்றி அதைவிடச் சரியான ஒரு வரியை நான் இன்றுவரை கேட்டதில்லை. மீதிக் கட்டுரை முழுக்க அந்த வரிக்கு விளக்கம்தான்.

முதலில், பாஸ் படகு என்றால் என்ன?

பாஸ் என்பது அமெரிக்க ஏரிகளில் தூண்டிலுக்குச் சிக்கும் ஒரு நன்னீர் மீன். வாய் பெரிது, கோபமும் பெரிது. அதைப் பிடிப்பதற்கென்றே அமைந்தது பாஸ் படகு: 18 முதல் 21 அடி நீளம், நின்று தூண்டில் வீசத் தோதாக முன்னும் பின்னும் தட்டையான மேடை, உயரம் குறைவு. இந்த வகைக்கு மூதாதை என்று சொல்லப்படுவது, 1948-இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மன் கட்டிய ஸ்கீட்டர் படகு.

மீன்பிடிக்க இவ்வளவு வேகம் எதற்கு? போட்டிகளால் வந்த வினை. 1967-இல் ரே ஸ்காட் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் பெரிய பாஸ் போட்டி ஒன்றை நடத்தினார். அதிலிருந்து வளர்ந்த போட்டி உலகத்தில், விடியற்காலையில் எல்லாப் படகும் கிளம்பும். நல்ல இடத்துக்கு முதலில் போகிறவருக்கு நல்ல மீன். எனவே படகின் பின்பலகையில் 150, 200, 250 குதிரைத்திறன் மோட்டார்கள் தொங்க ஆரம்பித்தன. இப்படிப் படகுக்கு வெளியே தொங்கும் மோட்டார்தான் அவுட்போர்டு. எஞ்சின் மேலே, புரொப்பெல்லர் தண்ணீருக்குள் கீழே.

இந்தப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை, தண்ணீர்மேல் ஏறி வழுக்கிப் போகிறது. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி. இதற்குப் பிளேனிங் என்று பெயர். நின்ற நிலையிலிருந்து பிளேனிங்குக்கு ஏறும் அந்தச் சில விநாடிகள்தான் மோட்டாருக்கு மிகக் கஷ்டமான நேரம். லாரி மேடு ஏறும் நேரம் அதுதான்.

திருகாணியிலிருந்து தொடங்குவோம்

புரொப்பெல்லரின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். உதாரணமாக 14, 25. இரண்டும் அங்குலக் கணக்கு.

முதல் எண் விட்டம். புரொப்பெல்லர் சுற்றும்போது இறக்கை நுனிகள் போடும் வட்டத்தின் அகலம். இதில் நாம் தலையிட அதிகம் இல்லை. மோட்டாரின் அளவும் புரொப்பெல்லரின் வடிவமும் சேர்ந்து அதை ஏறக்குறைய முடிவு செய்துவிடும்.

இரண்டாவது எண்தான் பிட்ச். மரப்பலகையில் திருகாணியை ஒரு முழுச் சுற்று திருகினால் அது எவ்வளவு உள்ளே இறங்கும்? மரை நெருக்கமாக இருந்தால் கொஞ்சம், அகலமாக இருந்தால் நிறைய. அதே கேள்வியைப் புரொப்பெல்லரிடம் கேட்டால் வரும் விடை பிட்ச். 25 பிட்ச் என்றால், தண்ணீர் மரப்பலகை மாதிரி கெட்டியாக இருந்திருந்தால், ஒரு சுற்றுக்கு 25 அங்குலம் முன்னேறியிருக்கும் என்று பொருள்.

பெரிய பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு நீளமான எட்டு, நடக்கும்போது காலை எட்டி வைக்கிற மாதிரி. அதிக தூரம், அதிக பாரம். சின்ன பிட்ச் என்றால் குட்டி எட்டு. தூரம் குறைவு, சுற்றுவது லேசு. கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

எஞ்சின் சுற்றும் வேகத்தில் புரொப்பெல்லர் சுற்றுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு பல்சக்கரத் தொகுதி அந்த வேகத்தைக் குறைக்கிறது. எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதுதான் கியர் விகிதம். என் மோட்டாரில் அது 1.87. எஞ்சின் 1.87 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. இந்த விகிதம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது, நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கும் ஒரே கியர் பிட்ச்தான்.

மணலில் நடப்பது போல

தண்ணீர் மரப்பலகை இல்லை. மெரினாவில் ஈர மணலை விட்டு மேலே காய்ந்த மணலில் நடந்து பாருங்கள். தார் ரோட்டில் வைக்கிற அதே எட்டுதான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கால் கொஞ்சம் பின்னால் சறுக்கும். பத்து அடி நடந்தால் ஒன்பது அடி தூரம்தான் போயிருப்போம். புரொப்பெல்லருக்கும் அப்படித்தான். கணக்குப்படி போக வேண்டிய தூரத்துக்கும் உண்மையில் போன தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஸ்லிப். அதைச் சதவீதத்தில் சொல்வார்கள்.

பெயரே சறுக்கல் என்று இருப்பதால் இதை முழு நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். "என் படகில் ஸ்லிப்பே இல்லை" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவருடைய மீட்டர் தப்பு, அல்லது கணக்கு தப்பு. பட்டம் காற்றுக்குக் கொஞ்சம் சாய்ந்து நின்றால்தான் மேலே எழும். இறக்கையும் தண்ணீரைக் கொஞ்சம் சாய்வாக வெட்டினால்தான் அதைப் பின்னால் தள்ள முடியும். அந்தச் சாய்வுதான் ஸ்லிப்பாகக் கணக்கில் தெரிகிறது. ஸ்லிப் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் தள்ளுவிசையும் போய்விடும். சரியாக அமைத்த பாஸ் படகு முழு வேகத்தில் ஓடும்போது ஸ்லிப் பத்து சதவீதத்தை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இருபதைத் தாண்டினால் எங்கோ கோளாறு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பிட்ச் என்பது ஒரு சுற்றின் எட்டு, ஸ்லிப் என்பது அந்த எட்டில் சறுக்கிப்போகும் பங்கு, எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் இருப்பது கியர் விகிதம். இந்த மூன்றும் தெரிந்தால் உங்கள் படகின் வேகத்தை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பார்க்க வேண்டியது வேகமானி அல்ல

பெரிய நம்பர் விவகாரத்துக்கு வருவோம். எட்டு நீளமானால் வேகம் கூட வேண்டும்தானே? எஞ்சின் அதே வேகத்தில் சுற்றினால் கூடும். ஆனால் சுற்றாதே.

ஒவ்வொரு அவுட்போர்டு மோட்டாரின் கையேட்டிலும் ஒரு வரம்பு எழுதியிருக்கும். த்ராட்டிலை முழுசாகத் திறந்தால் எஞ்சின் நிமிடத்துக்கு இத்தனை முதல் இத்தனை சுற்றுக்குள் இருக்க வேண்டும் என்று. என் மோட்டாருக்கு அது 5,000 முதல் 6,000 வரை. இந்தச் சுற்றைக் காட்டும் முள்தான் டாகோமீட்டர். புரொப்பெல்லர் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது அந்த முள். வேகமானி அதற்கு அப்புறம்தான்.

பிட்ச் அதிகமானால் எஞ்சினால் அந்த வரம்பைத் தொட முடியாது. த்ராட்டில் முழுசாகத் திறந்திருக்கிறது, பெட்ரோல் கொட்டுகிறது, ஆனால் பாரம் இழுக்கிறது. மாமனார் காதில் விழுந்தது இந்த முனகல்தான். லாரியை இப்படி ஓட்டினால் கிளீனரே திட்டுவான். படகில் ஓட்டினால் யாரும் கண்டுகொள்வதில்லை. மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் எஞ்சின் உள்ளே சூடும் அழுத்தமும் ஏறி, பிஸ்டன் வரை சேதம் போகலாம்.

பிட்ச் ரொம்பக் குறைந்தால் நேர் எதிர். முள் வரம்பைத் தாண்டி ஏறப் பார்க்கும், எஞ்சினின் காப்புக் கருவி வெட்டி வெட்டி நிறுத்தும். முதல் கியரில் நெடுஞ்சாலையில் போவது போல.

நடைமுறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு இது: பிட்சில் ஒரு அங்குலம் மாற்றினால் எஞ்சின் சுற்று 150 முதல் 200 வரை மாறும். பிட்ச் குறைத்தால் சுற்று ஏறும், கூட்டினால் இறங்கும்.

என் படகின் கணக்கு

அமெரிக்காவில் எல்லாம் மைல் கணக்கு, கிலோமீட்டருக்கு மாற்றியே தருகிறேன். பழைய 25 பிட்சோடு முழு த்ராட்டிலில் என் முள் நின்ற இடம் 4,850. கையேட்டின் கீழ் எல்லையைக்கூடத் தொடவில்லை. 4,850-ஐ 1.87-ஆல் வகுத்தால் புரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 2,594 சுற்று. சுற்றுக்கு 25 அங்குலம் வீதம், கணக்குப்படி மணிக்கு 99 கிலோமீட்டர். ஜி.பி.எஸ். காட்டியது 87. ஸ்லிப் 12 சதவீதம். அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. குறை முழுக்க அந்த 4,850-இல்தான்.

வரம்பின் மேல்பாதியில், 5,600 பக்கம் முள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். 750 சுற்று ஏற வேண்டும். அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 190 என்றால் நான்கு அங்குலம். அதாவது 21 பிட்ச். கடைக்காரர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார், நான்கு அங்குலம் ஒரே அடியாகவா என்று. ஓட்டிப் பார்க்க ஒரு 21-ஐ இரவல் தந்தார். நல்ல கடைகள் இப்படி இரவல் தரும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாட்டி ஓட்டினால் முள் 5,600. புரொப்பெல்லர் 2,995 சுற்று, கணக்குப்படி 96 கிலோமீட்டர், ஜி.பி.எஸ்.ஸில் 89. எட்டின் நீளம் நான்கு அங்குலம் குறைந்து, வேகம் இரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கிறது! 4,850 சுற்றில் அந்த எஞ்சின் தன் முழு 150 குதிரையைக் கொடுக்கவே இல்லை. இப்போதுதான் கொடுக்கிறது. இரண்டு கிலோமீட்டர் எனக்குப் பெரிதில்லை. பத்து விநாடி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற படகு ஐந்து விநாடியில் படிந்தது, அதுதான் பெரிது. மூக்கு மேலே நிற்கும்வரை முன்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது.

எல்லோரும் நான்கு அங்குலம் குறைக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் முள் ஏற்கெனவே வரம்பின் உச்சியில் இடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் கூட்ட வேண்டியிருக்கும்.

காற்று வாங்குவதும் கொதிப்பதும்

இனி அந்த மூன்றாவது வாக்கியம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரு சொல்லை இன்னொன்றின் இடத்தில் போடுகிறார்கள்.

வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் என்ன செய்யும்? சத்தம் மாறும், லேசாகி வேகமாகச் சுற்றும், தண்ணீர் வராது. "மோட்டார் காத்து வாங்குது" என்போம். படகை வேகமாகத் திருப்பும்போது நடப்பது இதுவேதான். படகு சாய்கிறது, மேற்பரப்பிலிருந்து காற்று புரொப்பெல்லருக்குள் உறிஞ்சப்படுகிறது, இறக்கைகள் தண்ணீருக்குப் பதில் நுரையைப் பிடிக்கின்றன. எஞ்சின் அலறும், படகு வேகம் இழக்கும். இதன் பெயர் வென்டிலேஷன். மோட்டாரை மிக உயரத்தில் மாட்டியிருந்தாலும், அதை அளவுக்குமேல் வெளியே சாய்த்திருந்தாலும் இதுவே நடக்கும்.

கேவிடேஷன் வேறு சரக்கு. அதில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. தண்ணீர் தானே கொதிக்கிறது. குக்கரில் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, 93 டிகிரி பக்கமே கொதித்துவிடும். அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போனால்? வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோனால், 30 டிகிரி ஏரித் தண்ணீரே கொதிக்கும். 14 அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் இறக்கை நுனி மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரை வெட்டுகிறது. அந்த வேகத்தில் இறக்கையின் ஒரு பக்கம் அழுத்தம் அந்த அளவுக்கு விழ முடியும். அங்கே ஆவிக் குமிழிகள் பிறந்து, அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் படீரென்று நொறுங்கும். அப்படி நொறுங்கும் இடத்தில் உலோகம் அம்மைத் தழும்பு மாதிரி பொத்துப் போகும்.

பெரிய ஆட்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 1894-இல் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைன் பூட்டிய முதல் கப்பலான டர்பினியாவைத் தண்ணீரில் விட்டார். எஞ்சினில் சக்தி இருந்தது, ஆனால் கப்பல் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தையே தொடவில்லை. ஒற்றை அச்சில் அத்தனை வேகத்தில் சுற்றிய புரொப்பெல்லர் தன்னைச் சுற்றித் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருந்தது. பார்சன்ஸ் மூன்று அச்சுகள், அச்சுக்கு மூன்று என ஒன்பது புரொப்பெல்லர்களாகப் பாரத்தைப் பிரித்தார். 1897-இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அதே கப்பல் 34 நாட் வேகத்தில் எல்லோர் கண்முன்னும் பறந்தது.

ஆக, காற்று உள்ளே போனால் வென்டிலேஷன். தண்ணீரே ஆவியானால் கேவிடேஷன். திருப்பத்தில் மோட்டார் அலறுவது முன்னது. இறக்கையில் பொத்தல் தழும்பு தெரிந்தால் பின்னதைச் சந்தேகியுங்கள். பெயர்க் குழப்பத்துக்கு மோட்டார்க்காரர்களும் காரணம்: புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை எல்லோரும் "கேவிடேஷன் தடுப்புத் தகடு" என்கிறார்கள். அது தடுப்பது காற்றை. கேவிடேஷனுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு வேடிக்கை. சில பாஸ் படகுப் புரொப்பெல்லர்களின் நடு உருளையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். எஞ்சினின் புகை அந்த உருளைக்குள்ளே போய்த்தான் தண்ணீருக்குள் வெளியேறுகிறது. கிளம்பும் நேரத்தில் அதில் கொஞ்சம் ஓட்டை வழியே கசிந்து இறக்கைகளுக்குள் புகும். அதாவது வேண்டுமென்றே காற்று வாங்க வைக்கிறார்கள்! இறக்கையின் பிடி லேசாகத் தளர்வதால் எஞ்சின் சட்டென்று சுற்று ஏறி, சக்தி நிறைந்த இடத்துக்கு வந்துவிடும். லாரியில் கிளட்சைக் கொஞ்சம் நழுவவிட்டுக் கிளப்புவது மாதிரி. வேகம் பிடித்ததும் ஓடும் தண்ணீரே ஓட்டைகளை மூடிக்கொள்ளும்.

மூன்றா, நான்கா?

மூன்று இறக்கைக்குத் தண்ணீரில் உராய்வு குறைவு. எனவே உச்ச வேகத்தில் பெரும்பாலும் அதற்கு ஒரு சின்ன லாபம். நான்கு இறக்கையில் பாரம் நாலு பேருக்குப் பங்காகிறது. ஒவ்வொரு இறக்கையும் கொஞ்சம் கம்மியாக உழைத்தால் போதும் என்பதால் பிடி விடாது: படகு சீக்கிரம் எழும், குறைந்த வேகத்திலும் பிளேனிங்கில் நிற்கும், அலையில் நிதானமாகப் போகும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது சுற்று கொஞ்சம் விழும், அதற்கு ஈடாக ஒரு அங்குலம் பிட்சைக் குறைத்துக்கொள்வது வழக்கம். நாலு இறக்கை போட்டால் வேகம் போச்சு என்பவர்கள் பெரும்பாலும் இந்த ஈடு செய்யாமல் ஓட்டிப் பார்த்தவர்கள். கனமான படகுக்கு, அலை அடிக்கும் ஏரிக்கு, நான் நான்கைத்தான் சொல்வேன்.

ரேக் என்று ஒரு சொல் காதில் விழும். பக்கவாட்டில் பார்த்தால் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது. சாய்வு அதிகமானால் படகின் மூக்கு அதிகம் எழும். படகின் அடிப்பாகம் தண்ணீரைத் தொடுவது குறைந்து வேகம் கூடும். பாஸ் படகுக்கு அது வேண்டும். கப் என்பது இறக்கையின் ஓரத்தில் உள்ள சின்ன மடிப்பு, தட்டின் விளிம்பு மாதிரி. அது தண்ணீரை இன்னும் ஒரு கணம் பிடித்து வைக்கும், காற்று வாங்குவதைக் குறைக்கும், பிட்ச் கொஞ்சம் கூடியது போன்ற பலனும் தரும். ஒரு நிறுவனத்தின் 23-உம் இன்னொரு நிறுவனத்தின் 23-உம் ஒரே மாதிரி ஓடாததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம். பொறித்த எண்ணை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறுவோம்.

உலோகம்? பாஸ் படகில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அலுமினியம் மலிவு, ஆனால் பாரத்தில் வளையும், அந்த வளைவில் பிட்சே மாறிப்போகும். சின்ன மோட்டாருக்கு அலுமினியம் தாராளம்.

ஓட்டிப் பார்ப்பது

சோதனை ஓட்டத்தில் பலர் செய்யும் தப்பு, காலிப் படகில் தனியாக ஓட்டிப் பார்ப்பது. பாஸ் படகில் பிடித்த மீனை உயிரோடு வைக்க ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. 1972-இலிருந்து போட்டிகளில் மீனைக் கொல்லாமல் எடை போட்டு ஏரியிலேயே விடும் பழக்கம் பரவியதால், இந்தத் தொட்டி இப்போது கட்டாயம் மாதிரி. 30 கேலன் தொட்டி நிரம்பினால் 110 கிலோவுக்கு மேல். கூட ஒருவர் ஏறுவதற்குச் சமம், அதுவும் நல்ல ஆகிருதியான ஒருவர். நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆள், பெட்ரோல், தூண்டில் பெட்டி, தொட்டித் தண்ணீர் எல்லாவற்றோடும் ஓட்டிப் பாருங்கள். உச்சி வெயிலில் எஞ்சின் கொஞ்சம் சோர்ந்துதான் ஓடும், குளிர்காலத்தில் துள்ளும். மலை ஏரி என்றால் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும்.

காற்றின் போக்கில் ஒரு தடவை, எதிர்காற்றில் ஒரு தடவை, முழு த்ராட்டிலில் சில விநாடிகள். முள் எங்கே நின்றது, ஜி.பி.எஸ். என்ன காட்டியது, கிளம்பிப் படிய எத்தனை விநாடி ஆனது: இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கில் சுவிட்ச் கயிறு உடம்போடு மாட்டியிருக்கட்டும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு அது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து அதை மாட்டுவது சட்டம்.

அடிபட்டால்

நான் ஓட்டும் லேக் ஃபோர்க், டல்லாஸுக்குக் கிழக்கே இருக்கிறது. 1980-இல் அணை கட்டி முடித்தபோது காட்டை முழுக்க வெட்டாமல் விட்டார்கள். மீன் பெருக அது நல்லது. டெக்சாஸின் மிகப்பெரிய பாஸ், 8.2 கிலோ, 1992-இல் அங்கேதான் பிடிபட்டது. படகுக்குத்தான் நல்லதில்லை. தண்ணீருக்கு ஒரு சாண் கீழே மரத்தின் மொட்டை நிற்கும்.

அதற்காகத்தான் புரொப்பெல்லரின் நடுவில் ஹப் என்று ஒன்று இருக்கிறது, ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கில். இறக்கை எதிலாவது மோதினால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொண்டு, பல்சக்கரங்களைக் காப்பாற்றும். பலமாக மோதினால் பிய்த்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே நழுவ ஆரம்பிக்கும். அப்போது மெல்ல ஓட்டினால் படகு நகரும், த்ராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் மட்டும் அலறும். போன வசந்தத்தில் எனக்கு அப்படி ஆனது. பக்கத்துப் படகுக்காரர் தூரத்திலிருந்து கத்தினார்: "கேவிடேஷன்! பிட்சை மாற்று!" நான் கையாட்டிவிட்டு, கரைவரை எட்டு கிலோமீட்டரை நடை வேகத்தில் ஓட்டி வந்தேன். இப்போது படகின் பின் அறையில் பழைய 25 கிடக்கிறது, கூடவே புரொப்பெல்லரைக் கழற்ற ஒரு ஸ்பேனரும், கழற்றும்போது இறக்கை சுற்றாமல் தடுக்க ஒரு மரக்கட்டையும். அவசரத்துக்கு டாப் கியரிலாவது வீடு வந்து சேரலாம்.